இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விமான நிலைய உணவகங்கள்

விமான நிலைய உணவகம் என்றதும் இன்று நினைவுக்கு வருவது அவசரமாக விழுங்கும் ஒரு சாண்ட்விச்சும், வெளியே விற்கும் விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் தண்ணீர் பாட்டிலும்தான். 1940-களின் நடுவிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை நிலைமை வேறாக இருந்தது. வெள்ளை மேசைவிரிப்பு, சீருடை அணிந்த பரிமாறுநர், ஓடுபாதையைப் பார்த்தபடி இருக்கும் அகன்ற கண்ணாடிச் சன்னல் ஆகியவற்றைக் கொண்ட உணவுக்கூடங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய விமான நிலையங்களில் இயங்கின. பயணச்சீட்டே இல்லாதவர்களும் குடும்பத்தோடு அங்கே சாப்பிடச் சென்றார்கள். இந்த உணவகங்கள் தோன்றியதற்கும் மறைந்ததற்கும் காரணம் சமையலைவிட விமானங்களின் பறக்கும் தொலைவே ஆகும். அந்தக் காலத்தைப் பற்றிய இனிய நினைவுகள் இன்றும் நிறைய எழுதப்படுகின்றன. அந்த மேசைகளில் எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை என்பதும் அதே வரலாற்றின் பகுதி.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் பயன்பட்ட உந்துசுழலி விமானங்கள் ஒரே மூச்சில் நெடுந்தொலைவு பறக்க முடியாதவை. எரிபொருள் நிரப்ப அவை அடிக்கடி இறங்கின. 1947 டிசம்பரில் குவாண்டாஸ் நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்குத் தொடங்கிய 'கங்காரு வழி'ச் சேவை டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி ஆகிய இடங்களில் நின்று, நான்கு நாட்களில் லண்டனை அடைந்தது. விமானத்தில் 29 பயணிகளும் 11 பணியாளர்களும் இருந்தனர். 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து லண்டன் புறப்பட்ட ஏர் இந்தியாவின் முதல் பன்னாட்டு விமானமான 'மலபார் பிரின்சஸ்' கெய்ரோவிலும் ஜெனிவாவிலும் இறங்கிச் சென்றது. ஒவ்வோர் இறக்கமும் ஒன்றிரண்டு மணி நேரக் காத்திருப்பு. வானிலை கெட்டால் அது ஓர் இரவாகவும் நீளும். காத்திருப்பவருக்குப் பசிக்கும் என்பதுதான் இந்த உணவகங்களின் தொடக்கம்.

விமானத்துக்குள் சமைப்பதும் எளிதாக இருக்கவில்லை. இடம் குறைவு, எடை பெரிய கவலை, சூடாக்கும் வசதியும் சொற்பம். அழுத்தம் சீராக்கப்படாத பழைய விமானங்கள் தாழ்வாகவே பறந்ததால் காற்றின் குலுக்கல் அதிகம், குமட்டலும் அதிகம். உறுதியான தரையில், ஆடாத நாற்காலியில் அமர்ந்து சூடாகச் சாப்பிடுவது பலருக்கும் பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

விமானப் பயண உணவு ஒரு தொழிலாக மாறியதற்கும் தரையில் இருந்த ஓர் உணவகமே வழிகாட்டியது. 1937-இல் வாஷிங்டன் நகரின் ஹூவர் விமானத் தளத்துக்கு அருகே இருந்த 'ஹாட் ஷாப்' உணவகத்தில், பயணிகள் விமானத்தில் சாப்பிடுவதற்காகச் சாண்ட்விச்சும் காபியும் வாங்கிச் செல்வதை அதன் உரிமையாளர் ஜே. வில்லார்ட் மாரியட் கவனித்தார். பொட்டலம் கட்டிய உணவை நேரே விமானத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்க விமான நிறுவனங்களோடு ஏற்பாடு செய்துகொண்டார். மாரியட் என்ற பெயர் விடுதிகளுக்காக உலகம் முழுதும் அறியப்பட்டது அதற்குப் பிறகுதான்.

ஃபாய்ன்ஸ்

இந்தக் காலகட்டத்தின் மிகப் புகழ்பெற்ற விமான நிலைய உணவகம் நியூயார்க்கிலோ பாரிசிலோ இல்லை. அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டத்தில், ஷானன் ஆற்றின் கழிமுகத்தில் உள்ள ஃபாய்ன்ஸ் என்ற சிற்றூரில் இருந்தது. அங்கே ஓடுபாதை கிடையாது. தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே எழும் 'பறக்கும் படகு' வகை விமானங்களுக்கு அமைதியான கழிமுகம் போதுமானதாக இருந்தது. 1937-இல் அட்லாண்டிக்கைக் கடக்கும் சோதனைப் பறப்புகள் இங்கிருந்து தொடங்கின. 1939 கோடையில் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் போயிங் 314 விமானங்கள் பயணிகளோடு வரத் தொடங்கின. சில வாரங்களில் போர் மூண்டது.

அயர்லாந்து போரில் நடுநிலை வகித்தது. ஆனாலும், அல்லது அதனாலேயே, ஃபாய்ன்ஸ் போர்க்காலத்தில் ஐரோப்பாவின் பரபரப்பான வாசல்களில் ஒன்றாயிற்று. தூதர்கள், படைத்தலைவர்கள், திரைப்பட நடிகர்கள், அகதிகள் என்று பலரும் அந்த ஊரின் வழியாகக் கடந்து சென்றனர். படை அதிகாரிகள் நடுநிலை நாட்டுக்குள் நுழைவதால் சாதாரண உடையில் வந்தார்கள். பிரிட்டனில் 1940 முதல் உணவுப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. இறைச்சிக்கான பங்கீடு 1954-இல்தான் முடிந்தது. அயர்லாந்தில் தேயிலைக்கும் சர்க்கரைக்கும் பங்கீடு இருந்தாலும் இறைச்சிக்கு இல்லை. லண்டனிலிருந்து வந்து இறங்கிய ஒருவருக்கு இறைச்சி நிறைந்த ஒரு தட்டு என்னவாக இருந்திருக்கும் என்பதை இதை வைத்து ஊகித்துக்கொள்ளலாம்.

1943-இல் இந்த உணவகத்தின் பொறுப்பு பிரெண்டன் ஓரீகன் என்ற இளைஞரிடம் வந்தது. கிளேர் மாவட்டத்தைச் சேர்ந்த அவருக்கு அப்போது வயது 26. அயர்லாந்தைப் பற்றி வெளிநாட்டவர் கொள்ளும் முதல் கருத்து இந்த மேசைகளில்தான் உருவாகிறது என்பதில் அவர் தெளிவாக இருந்தார். டைரோன் மாவட்டத்துக்காரரான ஜோ ஷெரிடன் சமையல் பொறுப்பில் அமர்ந்தார்.

மேற்கு நோக்கிப் பறப்பது கடினம். எதிர்க்காற்று பலமாக இருந்தால் நியூஃபவுண்ட்லாந்தின் பாட்வுட் நகரை அடைய எரிபொருள் போதாது. பாதி வழியில் கணக்குப் பார்த்துவிட்டு விமானி திரும்பிவிடுவார். பல மணி நேரம் இருட்டில் பறந்து, புறப்பட்ட இடத்திலேயே வந்து இறங்கும் பயணிகளின் மனநிலையைச் சொல்ல வேண்டியதில்லை. 1943 குளிர்காலத்தில் ஓர் இரவு அப்படி ஒரு விமானம் திரும்புவதாக மோர்ஸ் குறியீட்டில் செய்தி வந்தது. வீட்டுக்குப் போயிருந்த உணவகப் பணியாளர்கள் திரும்ப அழைக்கப்பட்டனர். நடுங்கிக்கொண்டு வந்தவர்களுக்குக் கொடுத்த சூடான காபியில் ஷெரிடன் ஐரிஷ் விஸ்கியைக் கலந்தார். இது பிரேசில் காபியா என்று ஒரு பயணி கேட்டதாகவும், இல்லை, ஐரிஷ் காபி என்று ஷெரிடன் பதில் சொன்னதாகவும் கதை. இந்த உரையாடல் காலப்போக்கில் மெருகேற்றப்பட்டிருக்கலாம். ஆனால் பானம் பிறந்த இடமும் அதைச் செய்தவரும் பற்றி அயர்லாந்தில் பொதுவாகக் கருத்து வேறுபாடு இல்லை.

ஷானன்

போர் முடிந்த 1945-லேயே பறக்கும் படகுகளின் காலமும் முடிந்தது. நீண்ட ஓடுபாதைகளில் இறங்கும் நான்கு எந்திர விமானங்கள் வந்துவிட்டன. கழிமுகத்தின் மறுகரையில், ரினியான்னா என்ற இடத்தில் கட்டப்பட்ட நிலையம் ஷானன் விமான நிலையமாக வளர்ந்தது. ஓரீகனும் ஷெரிடனும் ஐரிஷ் காபியும் கழிமுகத்தைக் கடந்து அங்கே சென்றனர். வட அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களில் பெரும்பாலானவை ஷானனில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டே சென்றன. நடுநிசியில் ஒன்று, விடிவதற்குள் இன்னும் இரண்டு என்று வந்த விமானங்களுக்காக அந்த உணவகம் இரவு பகல் பாராமல் இயங்க வேண்டியிருந்தது.

ஓரீகன் இன்னொன்றையும் கவனித்தார். ஒரு மணி நேரம் மட்டும் இறங்கி நிற்கும் பயணி சட்டப்படி அயர்லாந்துக்குள் நுழையவில்லை. அப்படியானால் அவருக்கு விற்கும் பொருளுக்கு அயர்லாந்து ஏன் வரி வாங்க வேண்டும்? 1947-இல் அயர்லாந்து நாடாளுமன்றம் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. உலகின் முதல் வரியில்லாக் கடை ஷானனில் திறக்கப்பட்டது. இன்று எந்தப் பன்னாட்டு விமான நிலையத்திலும் மதுப்புட்டிகளும் வாசனைத் திரவியங்களும் சாக்லேட்டுகளும் அடுக்கப்பட்ட கூடத்தைக் கடக்காமல் விமானத்தை அடைய முடிவதில்லை. அந்தக் கூடங்களின் மூதாதை ஓர் உணவகப் பொறுப்பாளரின் யோசனை. பிற்காலத்தில் உணவகங்களின் இடத்தைத் தின்றதில் இந்தக் கடைகளுக்கும் பங்குண்டு என்பது ஒரு வேடிக்கை.

1951-இல் ஷானன் விடுதி மேலாண்மைக் கல்லூரியையும் ஓரீகன் தொடங்கினார். விமான நிலைய உணவகத்துக்கு ஆள் பயிற்றுவிக்கும் தேவையிலிருந்து பிறந்த அந்தக் கல்லூரி இன்றும் நடக்கிறது.

ஐரிஷ் காபி கடல் கடந்த கதை

சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழில் பயணக் கட்டுரைகள் எழுதிய ஸ்டான்டன் டெலப்ளேன் ஷானனில் இந்தக் காபியைக் குடித்துவிட்டு ஊர் திரும்பினார். 1952 நவம்பரில், தம் ஊரில் உள்ள 'புவேனா விஸ்டா' மதுவகத்தின் உரிமையாளர் ஜாக் கோப்லரோடு சேர்ந்து அதைச் செய்து பார்த்தார். சுவை ஏறக்குறைய வந்துவிட்டது. பாலாடைதான் மிதக்க மறுத்தது. ஊற்றியதும் அடியில் போய் உட்கார்ந்தது.

இதன் பின்னால் உள்ள இயற்பியல் எளியது. காபியில் சர்க்கரை கரையும்போது அதன் அடர்த்தி கூடுகிறது. கொழுப்பு மிகுந்த பாலாடையை லேசாக அடித்துக் காற்றைக் கலந்தால் அதன் அடர்த்தி குறைகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு போதுமானதாக இருந்தால், கரண்டியின் முதுகில் மெல்ல வழியவிடும் பாலாடை மேலேயே தங்கும். சர்க்கரை போடாமல் ஐரிஷ் காபி செய்ய முயல்பவர்கள் பெரும்பாலும் தோற்பது இதனால்தான். கோப்லர் ஷானனுக்கே நேரில் போய்ப் பார்த்து வந்தார். பால் பண்ணை உரிமையாளரும் பின்னாளில் சான் பிரான்சிஸ்கோ மேயருமான ஜார்ஜ் கிறிஸ்டோபர், பாலாடையை 48 மணி நேரம் வைத்திருந்து பிறகு பதமாக அடிக்குமாறு யோசனை சொன்னார். சிக்கல் தீர்ந்தது. ஜோ ஷெரிடனும் பிறகு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து அதே புவேனா விஸ்டாவில் வேலை செய்தார். கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

நியூவார்க்கரும் மூன்றாவது கொடுக்கும்

அமெரிக்காவில் விமான நிலைய உணவகத்தை நகரின் பெரிய உணவகங்களோடு போட்டியிட வைத்தவர் ஜோ பாம் (1920–1998). சரடோகா ஸ்பிரிங்ஸ் ஊரில் விடுதி நடத்திய குடும்பத்தில் பிறந்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் விடுதி மேலாண்மை படித்தவர். 'ரெஸ்டாரன்ட் அசோசியேட்ஸ்' நிறுவனம் நியூஜெர்சி மாநிலத்தின் நியூவார்க் விமான நிலையத்தில் உணவகம் நடத்தும் ஒப்பந்தத்தைப் பெற்றபோது அந்தப் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டது.

பொறுப்பு கிடைத்த நேரம் நல்ல நேரம் அல்ல. 1951 டிசம்பருக்கும் 1952 பிப்ரவரிக்கும் இடையே நியூவார்க்கை ஒட்டிய எலிசபெத் நகரில் மூன்று விமானங்கள் அடுத்தடுத்து விழுந்து நொறுங்கின. மக்களின் எதிர்ப்பால் விமான நிலையமே மூடப்பட்டு, பல மாதங்களுக்குப் பிறகு 1952 நவம்பரில்தான் மீண்டும் திறந்தது. அடுத்த ஆண்டு புதிய முனையக் கட்டடம் தயாரானது. அதில்தான் 'தி நியூவார்க்கர்' உணவகம் திறக்கப்பட்டது. விமான நிலையத்தின் பெயரைக் கேட்டாலே அஞ்சும் ஊரில், சாப்பிடுவதற்காகவே ஆட்கள் அங்கே வர வேண்டும் என்று ஒருவர் எண்ணியது துணிச்சல்தான்.

சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆல்பர்ட் ஸ்டாக்லி சமையல் தலைவராக இருந்தார். பாம் கடைப்பிடித்த உத்தி, கேட்டதற்கு மேல் சிறிது கொடுப்பது. சிங்கி இறாலுக்கு இயற்கையில் கொடுக்குகள் இரண்டு. நியூவார்க்கரில் தட்டில் மூன்றாவதாக ஒரு கொடுக்கும் வந்தது. அரை டஜன் கடற்சிப்பி கேட்டவருக்கு ஏழு கிடைத்தது. ஏழாவதைத் தனித் தட்டில் வைத்தார்கள், அப்போதுதான் அது கூடுதல் என்பது வாடிக்கையாளர் கண்ணில் படும். நம்மூர்க் கடைகளில் நிறுத்தபின் ஒரு கை கொசுறு அள்ளிப் போடுவதன் பின்னால் இருக்கும் அதே கணக்கு. மேசையருகே மதுவை ஊற்றித் தீப்பற்ற வைக்கும் பதார்த்தங்களும், பொறி பறக்கும் மத்தாப்பு செருகிய இனிப்புகளும் அங்கே அன்றாடக் காட்சிகள்.

தொடக்கத்தில் நட்டம். பிறகு கூட்டம் வந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் பயணிகள் அல்லர்; சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் காரில் வந்து சாப்பிட்டுவிட்டு, விமானம் ஏறாமலே வீடு திரும்பியவர்கள். இதன் வெற்றியால் பாமும் ஸ்டாக்லியும் மன்ஹாட்டனுக்குள் அழைக்கப்பட்டனர். 1957-இல் 'ஃபோரம் ஆஃப் தி ட்வெல்வ் சீசர்ஸ்', 1959-இல் சீகிராம் கட்டடத்தில் 'தி ஃபோர் சீசன்ஸ்' ஆகியவற்றை உருவாக்கினர். உலக வணிக மையத்தின் வடக்குக் கோபுர உச்சியில் 1976-இல் திறந்த 'விண்டோஸ் ஆன் தி வேர்ல்டு' உணவகமும் பாமின் கைவண்ணமே. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க உணவக வரலாற்றின் பெரிய பெயர்களில் ஒன்று விமான நிலையச் சமையலறையிலிருந்து எழுந்தது என்பது இப்போது பலருக்கும் வியப்பாக இருக்கும்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள்

நியூவார்க்கர் தனி நிகழ்வு அல்ல. சிகாகோவின் மிட்வே விமான நிலையத்தில் மார்ஷல் ஃபீல்ட் பேரங்காடி 'கிளவுட் ரூம்' என்ற உணவகத்தை நடத்தியது. அதே நகரின் ஓஹேர் நிலையத்தில் கெர்ட்ரூட் கெர்பிஸ் என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த வட்டக் கட்டடத்தில் 1963-இல் 'செவன் கான்டினென்ட்ஸ்' திறந்தது. லாஸ் ஏஞ்சலஸில் 1961-இல் கட்டி முடிக்கப்பட்ட 'தீம் பில்டிங்', ஏறக்குறைய 41 மீட்டர் உயரமுள்ள வளைவுகளின் நடுவே தொங்கும் பறக்கும் தட்டைப் போன்றது. தட்டு இருக்கும் இடமே உணவகம். அது மெல்லச் சுழலும் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள், சிலர் சுழன்றதைப் பார்த்ததாகவே சொல்கிறார்கள். அந்த உணவகம் ஒருபோதும் சுழன்றதில்லை. நினைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது ஒரு சான்று.

பாரிஸின் ஓர்லி தெற்கு முனையத்தை 1961 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் டி கால் திறந்துவைத்தார். ஆன்றி விகாரியோ வடிவமைத்த அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் உணவகங்களோடு திரையரங்கும் இருந்தது. 'லே திருவா சொலேய்' அதன் உயர்தர உணவகம். ஆனால் பெரும்பாலான பாரிஸ்வாசிகள் வந்தது பார்வையாளர் மாடத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய், விமானங்கள் எழுவதையும் இறங்குவதையும் பார்ப்பது நகரத்து நடுத்தரக் குடும்பங்களின் பொழுதுபோக்காயிற்று. கில்பெர் பெக்கோ 1963-இல் 'ஓர்லியில் ஞாயிறு' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு பாடலே பாடினார். விமானப் பயணக் கட்டணம் அந்தக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஒரு கோப்பை காபியின் விலை எட்டும் உயரத்தில் இருந்தது.

விமான நிலையங்களை நடத்தியவர்களுக்கும் இது தேவைப்பட்டது. விமானம் இறங்குவதற்கான கட்டணத்தை மட்டும் வைத்து முனையக் கட்டடங்களைப் பராமரிக்க முடியவில்லை. உணவகக் குத்தகை, கார் நிறுத்துமிடம், மாடத்துக்கு நுழைவுக் கட்டணம் எனப் பயணியல்லாதவரின் பையிலிருந்து வந்த காசு வரவுசெலவைச் சரிக்கட்டியது.

நாக்பூரின் நடுநிசி

இந்தியாவில் மேற்சொன்ன வகை ஆடம்பரம் பெரிதாக உருவாகவில்லை. ஆனால் நடுவழிக் காத்திருப்புக்கு நாக்பூரைப் போன்ற எடுத்துக்காட்டு உலகில் குறைவு. தகவல் தொடர்பு அமைச்சர் ரஃபி அகமது கித்வாயின் முயற்சியால் 1949 ஜனவரியில் இரவு அஞ்சல் விமானச் சேவை தொடங்கியது. சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் ஒவ்வொரு விமானம் புறப்படும். நான்கும் நாட்டின் நடுவில் உள்ள நாக்பூரில் நள்ளிரவுக்குப் பின் ஒன்றுசேரும். அங்கே அஞ்சல் மூட்டைகளை மாற்றிக்கொண்டு, வந்த ஊருக்கே ஒவ்வொன்றும் திரும்பி விடியற்காலையில் இறங்கும். சென்னையில் மாலை அஞ்சலில் சேர்த்த கடிதம் மறுநாள் தில்லியில் கிடைத்தது.

மூட்டைகளோடு பயணிகளும் மாறினார்கள். சென்னையிலிருந்து தில்லிக்குப் போகிறவர் நாக்பூரில் இறங்கி, அருகில் நிற்கும் தில்லி விமானத்தில் ஏறிக்கொள்வார். உறங்க வேண்டிய வேளையில் நான்கு திசைகளிலிருந்து வந்தவர்கள் ஒரே கூடத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு காத்திருந்த அந்த ஏற்பாடு 1973 வரை நீடித்தது. அந்நேரத்தில் வேண்டியிருந்தது சிங்கி இறால் அல்ல, ஒரு கோப்பை சூடான தேநீர்.

யாருக்கு இடம் இருந்தது

இந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் பக்கம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இனப்பிரிவினை சட்டமாகவும் வழக்கமாகவும் இருந்தது. விமானத்துக்குள் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்தனர். விமானம் இறங்கியதும் உணவகத்தின் வாசலில் கோடு கிழிக்கப்பட்டிருந்தது.

தலைநகர் வாஷிங்டனின் விமான நிலையம் வர்ஜீனியா மண்ணில் இருந்தது. நடுவண் அரசுக்குச் சொந்தமான அந்த நிலையத்தின் உணவகமே 1948 டிசம்பரில் அரசு ஆணை வந்த பிறகுதான் எல்லோருக்கும் திறந்தது. மற்ற ஊர்களில் அதுவும் நடக்கவில்லை. 1955 ஆகஸ்டில் அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர் ககன்விகாரி லல்லுபாய் மேத்தா டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் விமான நிலையத்தில் தம் செயலாளரோடு உணவருந்த அமர்ந்தார். பொதுக்கூடத்தில் இருந்த அவர்களை உணவகத்தார் எழுப்பித் தனி அறைக்கு மாற்றினர். தோலின் நிறத்தைப் பார்த்துச் செய்த செயல் அது. செய்தி இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பெரிதாக வெளியாயிற்று. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் வருத்தம் தெரிவித்தார். ஹூஸ்டன் மேயரும் மன்னிப்புக் கேட்டார்.

தூதருக்கு மன்னிப்பாவது கிடைத்தது. உள்நாட்டுக் கறுப்பினத்தவர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. அட்லாண்டா விமான நிலையத்தில் அலபாமாவைச் சேர்ந்த ஒரு காப்பீட்டு நிறுவன அலுவலரை ஒரு தட்டிக்குப் பின்னால் உட்காரவைத்து உணவு பரிமாறினார்கள். அவர் தொடுத்த வழக்கில், நகருக்குச் சொந்தமான இடத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் பிரிவினை காட்டுவது அரசியலமைப்புக்கு எதிரானது என்று 1960-இல் நடுவண் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மெம்ஃபிஸ் விமான நிலைய உணவகத்தில் இடம் மறுக்கப்பட்ட ஜெஸ்ஸி டர்னரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. உணவகத்தை நடத்துவது தனியார் நிறுவனம், பிரித்து உட்காரவைக்கச் சொல்வது மாநில விதி என்பன எதிர்த்தரப்பின் வாதங்கள். 1962 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவற்றை ஏற்கவில்லை. இடம் நகராட்சியுடையது, எனவே குத்தகைதாரரும் அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டவரே என்றது. உணவகங்கள் அனைத்துக்கும் பொருந்தும் குடியுரிமைச் சட்டம் வந்தது 1964-இல்.

ஆகவே, சன்னலோர மேசையும் வெள்ளை விரிப்பும் பற்றிய ஒருவரின் இனிய நினைவும், தட்டிக்குப் பின்னால் சாப்பிட்ட இன்னொருவரின் நினைவும் ஒரே காலத்தைச் சேர்ந்தவை. சில ஊர்களில் ஒரே அறையையும் சேர்ந்தவை.

மறைவு

முதல் அடி தாரை விமானங்களிலிருந்து வந்தது. 1958 அக்டோபரில் பான் அமெரிக்கன் நிறுவனம் போயிங் 707 விமானத்தில் நியூயார்க்–பாரிஸ் சேவையைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பெருங்கடலை இடைநில்லாமல் தாண்டுவது இயல்பாயிற்று. ஷானனிலும், நியூஃபவுண்ட்லாந்தின் கேண்டரிலும் இறங்க வேண்டிய கட்டாயம் போயிற்று. கேண்டரின் நவீனமான பன்னாட்டுக் கூடத்தை 1959 ஜூனில்தான் இரண்டாம் எலிசபெத் அரசி திறந்துவைத்தார். அது யாருக்காகக் கட்டப்பட்டதோ அந்தப் பயணிகள் அப்போதே தலைக்கு மேலே பறந்துபோகத் தொடங்கியிருந்தனர்.

உணவு விமானத்துக்குள்ளும் குடியேறியது. சூட்டடுப்புகள் வந்தன, விமான நிறுவனங்கள் சாப்பாட்டால் போட்டியிட்டன. பயணக் கட்டணங்களைப் பன்னாட்டுச் சங்கமே நிர்ணயித்ததால் விலையில் போட்டியிட வழியில்லை. 1958-இல் அட்லாண்டிக் தடத்தில் சிக்கன வகுப்பு அறிமுகமானபோது அதில் சாண்ட்விச் மட்டுமே தரலாம் என்று விதி செய்தார்கள். ஸ்காண்டிநேவிய நிறுவனம் தன் நாட்டு வழக்கப்படி ரொட்டித்துண்டு தெரியாத அளவுக்கு மேலே பலவற்றை அடுக்கி, அதையும் சாண்ட்விச் என்றே சொல்லிப் பரிமாறியது. போட்டி நிறுவனங்கள் புகார் செய்ய, சாண்ட்விச் என்றால் என்ன என்று உலக விமான நிறுவனங்கள் கூடி விவாதித்தன. கடைசியில் அபராதமும் விதிக்கப்பட்டது.

பயணியல்லாதவரின் வருகையைத் தடுத்தது பாதுகாப்பு. தொடர் விமானக் கடத்தல்களால் அமெரிக்காவில் 1973 ஜனவரி முதல் எல்லாப் பயணிகளையும் சோதிப்பது கட்டாயமாயிற்று. ஓர்லியில் 1975 ஜனவரியில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு மாடங்கள் மூடப்பட்டன. சோதனைக்கு இந்தப் பக்கம் இருந்த உணவகத்தில் பயணி உட்காரத் துணியவில்லை. வரிசை எவ்வளவு நீளும் என்று தெரியாது. அந்தப் பக்கம் இருந்ததற்கு உள்ளூர்க்காரர் முன்போல எளிதில் போக முடியவில்லை. 1978-இல் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியதும் கட்டணம் குறைந்து கூட்டம் பெருகியது. இரண்டு மணி நேரம் நிதானமாக உண்பவரைவிட இருபது நிமிடத்தில் எழுந்துபோகும் பத்துப் பேர் குத்தகைதாரருக்கு லாபம். துரித உணவுக் கடைகள் வந்தன. இதில் வருந்துவதற்கு ஒரு பகுதி உண்டு என்றாலும், ஓர்லி மாடத்திலிருந்து வேடிக்கை மட்டும் பார்த்த குடும்பங்களின் பிள்ளைகள் விமானத்தில் ஏறியதும் இதே மாற்றத்தால்தான்.

எஞ்சியவை

ஃபாய்ன்ஸின் பழைய முனையக் கட்டடம் 1989 முதல் பறக்கும் படகு அருங்காட்சியகமாக இருக்கிறது. அதைத் திறந்துவைத்தவர் நடிகை மொரீன் ஓஹாரா. 1945-இல் அங்கிருந்து நியூயார்க்குக்குக் கடைசிப் பறக்கும் படகை ஓட்டிச் சென்ற சார்லஸ் பிளேர் அவருடைய கணவர். லாஸ் ஏஞ்சலஸ் தீம் பில்டிங்கில் 1997-இல் புதுப்பிக்கப்பட்டு 'என்கவுன்டர்' என்ற பெயரில் நடந்த உணவகம் 2013-இல் மூடப்பட்டது. கட்டடம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக நிற்கிறது. ஈரோ சாரினென் வடிவமைத்து 1962-இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட டி.டபிள்யூ.ஏ. முனையம் 2001-இல் மூடப்பட்டு, 2019-இல் விடுதியாக மறுபிறவி எடுத்தது. அதன் 'பாரிஸ் கஃபே' மீண்டும் இயங்குகிறது. சான் பிரான்சிஸ்கோவின் புவேனா விஸ்டாவில் கண்ணாடிக் கோப்பைகளை வரிசையாக அடுக்கி, ஒரே வீச்சில் பல ஐரிஷ் காபிகளை ஊற்றுகிறார்கள். அதைக் குடிப்பவர்களில் பலருக்கு ஃபாய்ன்ஸ் என்ற ஊரின் பெயர் தெரியாது.